மட்டக்களப்பிலிருந்து போய் ஒரே நாளில் இரண்டு கலைக்கூடங்கள்: கொழும்பு தேசிய நூதனசாலையும் சப்புமல் பவுண்டேஷனும்

உயர்தரப் பரீட்சைக்குச் சித்திரப் பாடம் எடுத்த பிள்ளைகள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பொலன்னறுவை வெண்கலச் சிலைகளைப் பற்றியும், 1943இல் சேர்ந்த ஓவியர் கூட்டமான 43 குழுவைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஆனால் எழுதுகிறவர்களில் பலர் அவற்றில் ஒன்றைக்கூட நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். போட்டோக்கொப்பியில் கறுத்துப்போன படத்தைப் பார்த்து "கோடுகள் உயிரோட்டமாக உள்ளன" என்று எழுதப் பழகிவிட்டோம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் கொழும்புக்குத்தான் போக வேண்டும். எந்தக் கிழமை போவது, எதைக் கையில் கொண்டுபோவது, எதை முதலில் பார்ப்பது என்று தமிழில் ஒழுங்காகச் சொல்ல ஆளில்லாமல் நான் பட்ட அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அதை இன்னொருவர் படக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இது கொழும்பை அவ்வளவாகப் பழகாதவர்களுக்கானது. சித்திரம் படிக்கும் மாணவர், அவரைக் கூட்டிக்கொண்டு போகிற அம்மா அப்பா, ஒரு வகுப்பையே கொண்டுபோக நினைக்கிற ஆசிரியர், எல்லோருக்கும் பொருந்தும்.

1. முதலில் எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தேசிய நூதனசாலை, சப்புமல் பவுண்டேஷன் இரண்டும் கொழும்பு 7இல், கறுவாத்தோட்டப் பக்கம்தான் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்கு ஓட்டோவில் சில நிமிடங்கள். ஆனால் இரண்டும் முற்றிலும் வேறு வேறு மாதிரியான இடங்கள்.

தேசிய நூதனசாலை சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் இருக்கிற பெரிய வெள்ளைக் கட்டடம், 1877இல் திறந்தது. அநுராதபுரக் காலம், பொலன்னறுவைக் காலம், கண்டிக் காலம் என்று வரிசையாக மண்டபங்கள். கல், வெண்கலம், தந்தம், மரம், துணி, நாணயம், முகமூடி எல்லாம் உண்டு. மண்டபம் மண்டபமாக நடந்தாலே கால் வலிக்கும். திறந்திருக்கும் நேரம் தாராளம், காலை 9 முதல் மாலை 5 வரை.

சப்புமல் பவுண்டேஷன் ஒரு வீடு. பார்ன்ஸ் பிளேஸில் 34/2ஆம் இலக்கம், ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு. ஓட்டுக் கூரை போட்ட பழைய வீட்டின் அறைகளில் 43 குழு ஓவியர்களின் படங்கள் மாட்டியிருக்கின்றன. 1974இல் அவர் இதை ஒரு மன்றமாக்கிப் பொதுவில் விட்டார். திறப்பது வியாழன், வெள்ளி, சனி மட்டும், அதுவும் காலை 10 முதல் பிற்பகல் 1 வரை மூன்று மணித்தியாலம். உங்கள் பயணத் திட்டம் முழுவதையும் தீர்மானிக்கப் போவது இந்த மூன்று மணித்தியாலம்தான்.

ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால்? பரீட்சை நெருங்கிவிட்டது, பாடத்திட்டத்தில் இருக்கிறதைப் பார்த்தால் போதும் என்கிறவர் நூதனசாலைக்குப் போங்கள். சிறு பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கும் அதுதான் சரி. ஆனால் ஒரு பிள்ளை உண்மையிலேயே வரைகிற பிள்ளை, தூரிகை பிடித்துப் பழகுகிற பிள்ளை என்றால் நான் சப்புமல் வீட்டைத்தான் சொல்வேன். அங்கே கண்ணாடிப் பெட்டிக்கு அப்பால் நிற்கத் தேவையில்லை. சாயத்தின் தடிப்பு, தூரிகை திரும்பின இடம், ஓவியர் அழித்துவிட்டுத் திரும்பப் போட்ட கோடு எல்லாம் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

முடிந்தால் இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். காரணம் வெறும் சிக்கனம் அல்ல. 43 குழு மரபை உதறிவிட்டதா, மரபிலிருந்து எடுத்துக்கொண்டதா என்பது வகுப்பில் அடிக்கடி வருகிற கேள்வி. காலையில் அந்தக் குழுவின் ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் தடித்த கறுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு மத்தியானம் பொலன்னறுவை வெண்கலத்தின் இடுப்பு வளைவைப் பார்க்கிற பிள்ளைக்கு அந்தக் கேள்விக்கு நோட்ஸ் தேவைப்படாது.

2. கிழமையைப் பிழையாக எடுக்காதீர்கள்

ஊரிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமையை வைத்துத்தான் திட்டம் போடுவார்கள். ஞாயிறு போனால் சப்புமல் வீடு பூட்டியிருக்கும். திங்கள், செவ்வாய், புதனும் அப்படித்தான். பாடசாலை, வேலை எல்லாவற்றையும் பார்த்தால் உங்களுக்கு எஞ்சுவது சனிக்கிழமை. வெள்ளி இரவு புறப்பட்டு, சனி பார்த்து, சனி இரவே திரும்புவதுதான் மிகவும் வசதி. ஒரு டியூஷன் வகுப்புத்தான் போகும்.

வெள்ளிக்கிழமை போக நினைக்கிற முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு சொல். ஜும்மாவுக்கு நேரத்தோடு போக வேண்டுமென்றால் சப்புமலில் உங்களுக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் கிடைக்காது. நகர மண்டபத்துக்குப் பக்கத்தில் லிப்டன் சுற்றுவட்டத்தில் தெவட்டகஹ பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே தொழுதுவிட்டு அப்படியே நூதனசாலைக்குப் போய்விடலாம், தூரமில்லை. ஆனாலும் சனிக்கிழமை கிடைக்குமென்றால் சனிக்கிழமையே மேல்.

போயா தினமா, வேறு அரச விடுமுறையா என்று கலண்டரைப் பாருங்கள். அரச விடுமுறை நாளில் நூதனசாலை மூடியிருக்கும். நீண்ட வார இறுதி என்று சந்தோஷப்பட்டுப் பயணம் போடுகிறவர்கள் அதிகம் மாட்டுப்படுவது இங்கேதான்.

மாதத்தையும் யோசியுங்கள். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் நம் பக்கம் மழை. பொலன்னறுவைப் பக்கம் வெள்ளம் வந்தால் வீதியும் ரயில் பாதையும் சேர்ந்தே அடைபடும். சித்திரைப் புத்தாண்டு முடிந்த பிறகு, வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் நல்ல காலம்.

கடைசியாக, புறப்படும் வாரத்தில் இரண்டு இடத்துக்கும் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். சப்புமலுக்கு இது மிகவும் முக்கியம். அது ஒரு சின்ன மன்றம் நடத்துகிற இடம். ஏதாவது வேலை நடந்தால் மூடிவிடுவார்கள்.

3. ஆவணங்கள்

தனியாகவோ குடும்பமாகவோ போகிறவர்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. தேசிய அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்கட்டும். ரயில் ஆசனம் பதிவு செய்யும்போதும் இலக்கம் கேட்பார்கள், பயணத்திலும் கேட்கக்கூடும். நூதனசாலைச் சீட்டு உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு வேறு விலை. அடையாள அட்டை இன்னும் கிடைக்காத பிள்ளை என்றால் அதிபரிடம் ஒரு கடிதம் வாங்கி, பிறப்புச் சான்றிதழின் பிரதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிற சித்தப்பா, மாமி, மச்சான்மாரைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். தமிழ் கதைக்கிறார், மட்டக்களப்பில் பிறந்தவர் என்பதெல்லாம் சீட்டுக் கொடுக்கிற இடத்தில் எடுபடாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் இருந்தால் வெளிநாட்டுக் கட்டணம்தான், அது உள்ளூர்ச் சீட்டைவிடப் பல மடங்கு. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர் என்றால் அந்தச் சான்றிதழையோ இலங்கை அடையாள அட்டையையோ கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். சீட்டு வாங்குகிற இடத்தில் நின்று வாதாடுவதற்கு முன்பே இதைப் பேசித் தீர்த்துக்கொண்டால் குடும்பத்துக்குள் மனக்கசப்பு வராது.

வகுப்பைக் கொண்டுபோகிற ஆசிரியருக்குத்தான் வேலை. வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் பாடசாலையின் பெயரில் ஒரு அடி வைக்காதீர்கள். மட்டக்களப்பு மத்தியோ, பட்டிருப்போ, கல்முனையோ, திருக்கோவிலோ, எந்த வலயமானாலும் கோப்பில் இவற்றைக் கேட்பார்கள் என்று வைத்துத் தயார்செய்யுங்கள்: அதிபரின் கோரிக்கைக் கடிதம், மாணவர் பெயர்ப் பட்டியல், ஒவ்வொரு பெற்றோரின் சம்மதக் கடிதம், கூடப் போகிற ஆசிரியர் விவரம், நேர அட்டவணை, பஸ்ஸின் வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும், சாரதியின் அனுமதிப்பத்திரப் பிரதி. பெண் பிள்ளைகள் இருந்தால் ஒரு ஆசிரியையாவது கட்டாயம் வரவேண்டும். இந்தக் கோப்பை ஒரு மாதத்துக்கு முன்பே கொடுங்கள். பஸ் பத்திரங்களில் ஒன்று காலாவதியாகியிருந்தாலும் கோப்பு திரும்பி வரும். அதனால் பஸ்காரரிடம் முற்பணம் கொடுக்கும் முன்பு பத்திரங்களைக் கண்ணால் பாருங்கள், வட்ஸ்அப்பில் அனுப்பின படத்தை நம்ப வேண்டாம்.

நூதனசாலைக்கும் அதிபரின் கையொப்பத்தோடு ஒரு கடிதம் அனுப்புங்கள்: எத்தனை மாணவர், எந்தத் தரம், எந்த நாள், என்ன நேரம், மாணவர் சலுகை வேண்டும், விளக்கம் சொல்ல ஆள் வேண்டும். தமிழில் எழுத உங்களுக்கு முழு உரிமையும் உண்டு, எழுதுங்கள். அதோடு ஒரு சிங்களப் பிரதியையும் இணைத்தால் பதில் சுணங்காது. கடிதத்தின் பிரதியைப் போகும்போது கையில் கொண்டுபோங்கள். சப்புமலுக்குப் பத்துப் பேருக்கு மேல் போகிறீர்கள் என்றால் கட்டாயம் முன்கூட்டியே கேளுங்கள். வீட்டு அறைகள், ஒரு வகுப்பு முழுதாகப் போய் நிற்க இடமில்லை. வகுப்பை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழு உள்ளே இருக்கும்போது மற்றது வெளியே காத்திருக்கிற மாதிரி ஒழுங்குசெய்ய வேண்டிவரும்.

4. பயணம்

என் முதல் தெரிவு இரவு ரயில். மட்டக்களப்பில் ஏறினால் ஏறாவூர், வாழைச்சேனை, பொலன்னறுவை, கல்லோயா, மாகோ வழியாக விடிகிற நேரத்தில் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். ஆசனப் பதிவு 30 நாட்களுக்கு முன்பு திறக்கும். திறந்தவுடனே போவதற்கும் வருவதற்கும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். போவதற்கு மட்டும் எடுத்துவிட்டு வருவதை அங்கே பார்ப்போம் என்று விட்டால் சனி இரவு நின்றுகொண்டு வர வேண்டியதுதான். நேர அட்டவணை இடைக்கிடை மாறுகிறது, அதனால் சீட்டிலுள்ள நேரத்தையே நம்புங்கள். கல்லோயா, ஹிங்குராக்கொட, மின்னேரியப் பக்கம் யானைகள் பாதையைக் கடக்கிற காடு. அங்கே வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள், தாமதம் வரும். வரட்டும், யானையும் பிழைக்க வேண்டும். எப்படியும் சப்புமல் 10 மணிக்குத்தானே திறக்கிறது.

கல்முனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கம் உள்ளவர்களுக்கு ரயிலுக்காக மட்டக்களப்புக்கு வருவது சுற்று. அங்கிருந்து கொழும்புக்கு நேராகப் போகிற இரவு பஸ்கள் இருக்கின்றன, ஏசி பஸ்ஸும் உண்டு. ஏசி என்றால் குளிர் தாங்காது, ஒரு போர்வை எடுங்கள். பஸ் சில நேரம் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே புறக்கோட்டையில் இறக்கிவிடும். பெண் பிள்ளைகளோடு போகிறவர்கள் பதிவு செய்யும்போதே "எத்தனை மணிக்கு இறக்குவீர்கள், எங்கே இறக்குவீர்கள்" என்று கேட்டு, பிந்திப் புறப்படுகிற பஸ்ஸை எடுங்கள்.

5. விடிந்ததிலிருந்து 10 மணி வரை

இந்த இடைவெளியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. இரவெல்லாம் தூங்காத பிள்ளை முகம் கழுவாமல், வயிறு காய்ந்து, தோளில் பெரிய பையோடு ஓவியத்தின் முன்னால் போய் நின்றால் ஒன்றும் மண்டையில் ஏறாது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தெமட்டகொடையிலோ சொந்தக்காரர் வீடு இல்லாத மட்டக்களப்புக் குடும்பம் குறைவு. முதல் நாளே சொல்லிவைத்துவிட்டு அங்கே போய்க் குளித்து, சாப்பிட்டு, பையை வைத்துவிட்டு வாருங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் வெள்ளவத்தையில் சில மணித்தியாலத்துக்கு அறை தருகிற லொட்ஜ்கள் இருக்கின்றன. குடும்பமாகப் போகிறவர்கள் இந்தச் செலவைப் பார்க்க வேண்டாம், அது முழு நாளையும் காப்பாற்றும்.

கோட்டையிலிருந்து நேராக வருகிறவர்கள் 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி நகர மண்டபத்திலோ பொது நூலகத்தடியிலோ இறங்கலாம். அங்கிருந்து நூதனசாலை நடை தூரம். பார்ன்ஸ் பிளேஸுக்கு ஓட்டோ எடுங்கள். பிக்மி (PickMe) என்கிற வாடகை வாகன அப்பில் போட்டால் காசு எவ்வளவு என்று முன்பே காட்டும். பேரம் பேசத் தெரியாதவர்களும் சிங்களம் வராதவர்களும் அதையே பயன்படுத்துங்கள். ஓட்டோக்காரர் சப்புமல் என்ற பெயரைத் தெரிந்திருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். "பார்ன்ஸ் பிளேஸ், 34/2" என்று இலக்கத்தைச் சொல்லுங்கள்.

6. காலை: சப்புமல் வீடு

10 மணிக்குக் கதவடியில் நில்லுங்கள். நூதனசாலை 9க்கே திறக்கிறதே, அதை முதலில் பார்த்துவிட்டு வரலாமே என்று தோன்றும். வேண்டாம். நூதனசாலைக்குள் போனவர் பன்னிரண்டுக்கு முன்பு வெளியே வரமாட்டார், வந்து ஓட்டோ பிடித்துச் சேரும்போது இங்கே கதவு சாத்துகிற நேரமாகிவிடும். இன்னொன்று, ஆயிரக்கணக்கான பொருளைப் பார்த்துக் களைத்த கண்ணுக்கு ஓவியம் பிடிபடாது. ஓவியத்தைப் புதுக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

நுழைவுக் கட்டணம் கேட்பதில்லை. ஆனால் நன்கொடை கொடுத்துவிட்டு வாருங்கள். இப்படி ஒரு இடம் திறந்திருப்பதே பெரிய காரியம், அதை நடத்தக் காசு வேண்டும். படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். முதுகுப்பையைக் கழற்றி முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள், ஒடுங்கிய இடங்களில் திரும்பும்போது ஒரு சட்டகத்தில் பட்டால் போதும். தமிழில் விளக்கம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வீட்டிலிருந்தே தயாராகிப் போக வேண்டிய இடம் இது.

தயாரிப்பு என்றால் இவ்வளவு போதும். 43 குழு 1943இல் கொழும்பில் சேர்ந்தது. லயனல் வென்ட் அதன் பின்னால் நின்ற ஆள், அவர் புகைப்படக் கலைஞர், 1944இலேயே இறந்துவிட்டார். ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், மஞ்சுசிறீ, ரிச்சர்ட் கேப்ரியல், ஜெப்ரி பேலிங், ஓப்ரி கொலெட் ஆகிய பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சொல்லாவது எழுதுங்கள். கீற்றின் கோடு எப்படி உருவத்தை வெட்டிப் பிரிக்கிறது, அதே நேரம் அது பிக்காசோவிடம் இருந்து வந்ததா, நம் கோயில் சிற்பத்திலிருந்து வந்ததா? தரணியகல கோடு போடாமல் சாயத்தாலேயே முகத்தைக் கட்டுகிறார், அந்த முகங்கள் ஏன் இவ்வளவு அமைதியில்லாமல் இருக்கின்றன? ஐவன் பீரிஸ் வாழ்க்கையின் பெரும்பகுதியை இங்கிலாந்தில் கழித்தவர், ஆனாலும் திரும்பத் திரும்ப வரைந்தது இங்கத்தைக் கடற்கரையை. கல்லடிக் கடற்கரையிலோ ஒலுவிலிலோ வளர்ந்த பிள்ளைக்கு அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும், புத்தகத்தில் இல்லாத விஷயங்கள் இருக்கும். மஞ்சுசிறீ பிக்குவாக இருந்தவர், விகாரைச் சுவரோவியங்களைப் பார்த்துப் பார்த்துப் பிரதி எடுத்தவர். இந்தப் "பிரதி எடுப்பது" என்ற விஷயத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள், மத்தியானம் தேவைப்படும்.

ஒரு பிள்ளை ஐந்து படத்துக்கு மேல் எழுத வேண்டியதில்லை. எல்லா அறையையும் ஒருமுறை சுற்றிவிட்டு, பிடித்த ஐந்துக்குத் திரும்பி வந்து ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து நிமிடம் நில்லுங்கள். பென்சிலால் சின்னச் சின்ன வரைவு போடுங்கள். பேனையும் சாயமும் வெளியே எடுக்க வேண்டாம்.

7. மத்தியானம்: தேசிய நூதனசாலை

பன்னிரண்டரைக்கெல்லாம் புறப்பட்டால் நகர மண்டபத்துக்கு எதிரே விகாரமகாதேவி பூங்காவில் மரநிழலில் இருந்து சோற்றுப் பார்சலைச் சாப்பிடலாம். அப்புறம் ஒன்றரைக்குள் நூதனசாலைக்குள் போய்விடுங்கள். 5 மணி என்பது மூடுகிற நேரம், சீட்டுக் கொடுப்பதை அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். பெரிய பைகளை வாசலில் ஒப்படைக்கச் சொல்வார்கள். காசு, தொலைபேசி, அடையாள அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு கொடுங்கள். கெமராவுக்குக் கட்டணம் உண்டா என்று சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். பிளாஷ் கூடவே கூடாது.

மூன்று மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது, பார்க்க முயலவும் வேண்டாம். நான் சொல்கிற வரிசை இது.

நுழைந்தவுடன் தொலுவில புத்தர் சிலை. ஐந்து நிமிடம். அதற்குப் பிறகு நேராகப் பொலன்னறுவை மண்டபம். சிவ தேவாலயங்களில் கண்டெடுத்த வெண்கலங்கள்: நடராசர், பார்வதி, சுந்தரர், மாணிக்கவாசகர். தேவாரம் பாடி வளர்ந்த பிள்ளைகளுக்கு இவர்கள் அந்நியர் இல்லை, ஆனால் இப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். கோயிலில் அலங்காரத்துக்குள் முகம் மட்டும் தெரியும், இங்கே முழு உடலும் தெரிகிறது. நின்ற நிலையில் பாரம் எந்தக் காலில் இருக்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் ஒடிகிறது, விரல் எப்படி முடிகிறது என்று பாருங்கள். முன்னால் மட்டும் நிற்காமல், போக முடிகிற அளவுக்குப் பக்கவாட்டிலும் போய்ப் பாருங்கள். காலையில் பார்த்த கீற்றை இங்கே நினையுங்கள். இந்த மண்டபத்துக்கு ஒரு மணித்தியாலம் கொடுத்தாலும் தகும்.

பௌத்தத் தேவி தாராவின் சிலையைத் தேடுங்கள். இங்கே இருப்பது பிரதி. உண்மையான சிலை லண்டனில் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. ஆளுநராக இருந்த பிரவுன்றிக் கொண்டுபோய் 1830இல் கொடுத்தது. 143 சென்ரிமீற்றர் உயரம், வெண்கலத்தில் வார்த்துப் பொன் பூசியது, 8ஆம் நூற்றாண்டளவைச் சேர்ந்தது. அது கிடைத்ததாகச் சொல்கிற இடம் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரை. நம் கரையில் கிடைத்த பொருளை நாம் பார்க்க ஒரு பிரதிதான் இருக்கிறது என்பதை ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விடுவதில்லை.

அடுத்தது காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்தது, 1409ஆம் ஆண்டுத் திகதியுள்ளது, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது. தமிழ்ப் பகுதி தேனாவரை (இன்றைய தெவிநுவர) நாயனார் என்ற தெய்வத்துக்குச் செய்த காணிக்கைகளைச் சொல்கிறது. சித்திரப் பாடத்துக்கு இது நேரடியாகத் தேவையில்லைதான், ஆனாலும் அதன் முன்னால் நிற்காமல் வரக்கூடாது.

கண்டிக் காலத்தில் சிம்மாசனமும் கிரீடமும் இருக்கின்றன, கூட்டம் எல்லாம் அங்கேதான் நிற்கும். பார்த்துவிட்டு நகருங்கள். மேல்மாடிக்கு ஏற நேரம் வைத்திருங்கள், அங்கே சீகிரியா ஓவியங்களின் பிரதிகள் இருக்கின்றன. இங்கேதான் காலையில் சொன்ன விஷயம்: ஒருவர் பழைய ஓவியத்தைப் பிரதி எடுக்கும்போது எதை எடுக்கிறார், எதை விடுகிறார்? மஞ்சுசிறீ தான் எடுத்த பிரதிகளிலிருந்து தன் ஓவியத்துக்கு எதைக் கொண்டுபோனார்? இந்த ஒரு கேள்வியைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு நீங்கள் சற்று ஓரமாக உட்காருங்கள்.

பொருள்களின் குறிப்புகளில் தமிழும் இருக்கிறது. ஆனால் குறிப்பு இரண்டு மூன்று வரிதான், அதைப் பிரதிபண்ணுவதில் நேரத்தைக் கழிக்க விடாதீர்கள். குறிப்பைப் படம் எடுத்துக்கொள்ளட்டும், கையால் சிலையை வரையட்டும்.

8. செலவு

பெரிய செலவு பயணமும் தங்குமிடமும்தான். இரண்டு கலைக்கூடத்துக்கும் சேர்த்து உள்ளூர்க்காரருக்கு ஆகிற காசு, ஓட்டோக் காசைவிடக் குறைவாகத்தான் வரும். மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்கள் இவற்றில் பிடியுங்கள்: இரண்டாம் வகுப்புக்குப் பதில் மூன்றாம் வகுப்பு ஆசனப் பதிவு, ஓட்டோவுக்குப் பதில் 138, கடைச் சாப்பாட்டுக்குப் பதில் சொந்தக்காரர் வீட்டில் கட்டின பார்சல். கலைக்கூடச் சீட்டிலும் நன்கொடையிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். வகுப்பாகப் போனால் பஸ் வாடகையை மாணவர் எண்ணிக்கையால் பிரிக்கும்போது வராமல் விடப்போகிற இரண்டு மூன்று பேரையும் கணக்கில் எடுங்கள், இல்லாவிட்டால் கடைசி நாள் அந்தக் காசு ஆசிரியரின் பையிலிருந்துதான் போகும். வர ஆசையிருந்தும் காசில்லாத பிள்ளைக்குப் பழைய மாணவர் சங்கத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இப்படியான விஷயத்துக்குக் கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள்.

9. திரும்புவதற்கு முன்பு நேரமோ இன்னொரு நாளோ இருந்தால்

இரவு ரயிலுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே கோட்டையில் இருங்கள். சனி மாலைப் போக்குவரத்து நெரிசலை நம்ப முடியாது.

கொழும்பில் இன்னொரு நாள் தங்குகிறவர்களுக்கு இரண்டு இடம் சொல்கிறேன். ஒன்று பொரளையில் கோதமி விகாரை. ஜோர்ஜ் கீற் 1939-40 காலத்தில் வரைந்த சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன, பாடத்திலும் வருகிறது. வழிபாட்டிடம் என்பதால் தோளையும் முழங்காலையும் மூடிய வெளிர்நிற உடுப்பில் போங்கள், செருப்பையும் தொப்பியையும் கழற்றுங்கள், புத்தருக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள். பூசை நடக்கிற நேரம் என்றால் வெளியே காத்திருங்கள்.

மற்றது கொழும்பு 3இல் கிரெஸ்கட் கட்டடத்துக்குள் நடக்கிற நவீன, சமகாலக் கலை நூதனசாலை, 2019 கடைசியில் தொடங்கியது. அனுமதி இலவசம், விளக்கங்கள் மூன்று மொழியிலும் இருக்கின்றன, தமிழையும் அக்கறையாக எழுதுகிறார்கள். அங்கே நிரந்தரக் காட்சி என்று இல்லை, கண்காட்சிகள் மாறிக்கொண்டிருக்கும். ஒரு கண்காட்சியை இறக்கி அடுத்ததை ஏற்றும் இடைவெளியில் போய்விடாமல், எது நடக்கிறது, எந்தத் திகதி வரைக்கும் என்று அவர்களின் முகநூல் பக்கத்தில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.